ஆல்டர்னேட்டரின் ஆலாபனை

கேள்வி: என் பழைய மாருதி 800-இல் புது ஸ்டீரியோவும், டிக்கியில் ஆம்ப்ளிஃபயரோடு ஒரு சப்வூஃபரும் பொருத்தினேன். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கப் பாட்டினூடே ஓர் ஊளையும் ஏறுகிறதே, ஏன்?
— ஒரு வாசகர், கோவை

பதில்: தங்கள் காரின் ஆல்டர்னேட்டருக்கும் சங்கீத ஞானம் உதித்துவிட்டது, எஞ்சினின் வேகத்தோடு ஸ்தாயி உயரும் அந்த ஊளை அதன் ஆலாபனையே. ஆம்ப்ளிஃபயரின் எர்த் வயரை, பெயிண்டைச் சுரண்டி வெறுந்தகட்டில் இறுக்காமல், கைக்கெட்டிய ஏதோ ஒரு திருகாணியில் மெக்கானிக் மகாநுபாவர் சுற்றிவைத்ததும், பாட்டரியிலிருந்து வரும் தடித்த வயரையும் பாட்டைச் சுமந்து வரும் மெல்லிய ஆர்.சி.ஏ. கேபிளையும் ஒரே பக்கத்து மிதியடிக்குக் கீழே சேர்த்தே ஓடவிட்டதும் இதற்குப் பிரதான காரணங்களாக இருக்கக்கூடும். எர்த்தைச் சரிசெய்து, வயரை வலப்புறமும் கேபிளை இடப்புறமுமாகப் பிரித்துவிடுங்கள். கையோடு, பாட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் அந்தத் தடித்த வயரில் ஃப்யூஸ் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுவது உத்தமம். இல்லையெனில், வயர் உராய்ந்து தகட்டைத் தொடும் சுபதினத்தில், தான்சேனின் உதவியில்லாமலே, தீ மூட்டும் தீபக் ராகம் பலித்துவிடும்.

அதற்குப் பிறகும் பின்புறத்தில் கடகடவென்று ஏதேனும் கேட்குமாயின், அது கடம் அல்ல, நம்பர் பிளேட். அதன் பின்னால் ஒரு ரப்பர்த் துண்டைச் செருகுங்கள்.