கொசைன் 90

குடும்பஸ்தன் மாடாய் உழைப்பதை மனைவி நம்பாவிட்டால் பரவாயில்லை. இயற்பியலும் நம்ப மாட்டேன் என்கிறதே! விசையையும் நகர்ந்த தூரத்தையும் அவற்றுக்கு நடுவிலுள்ள கோணத்தின் கொசைனையும் பெருக்கினால்தான் வேலையாம். 1829-ல் கோரியாலிஸ் என்ற பிரெஞ்சுக்காரர் இந்தக் கணக்குக்குப் பெயர் சூட்டிவிட்டுப் போய்விட்டார். மாட்டிக்கொண்டது நான்.

கோடை விழாக் கூட்டத்தில் ஏற்காடு போனோம். அறை ஏரிக்கு அந்தக் கரையில், காருக்கு இடம் கிடைத்தது இந்தக் கரையில். சக்கரம் கழன்ற பெரிய பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு சமதளமான சாலையில் நடந்து, கட்டிலில் விழுந்து, “எவ்வளவு வேலைடா சாமி!” என்றேன். பிளஸ் ஒன் படிக்கும் மகள் போனிலிருந்து நிமிரவில்லை.

“பெட்டியைத் தாங்கின விசை மேல்நோக்கி. நீங்க நடந்தது குறுக்கே. கொசைன் 90 பூஜ்யம். பெட்டிமேல நீங்க செஞ்ச வேலையும் பூஜ்யம்ப்பா.”

“அப்போ இந்த வியர்வை?”

“அது உங்க தசைக்குள்ள வீணானது. பெட்டிக்கு அதுல ஒண்ணும் சேரலை.”

என் மனைவி சக்கரப் பெட்டியைக் கைப்பிடியால் சாய்வாக இழுத்து வந்திருந்தாள். கோணம் 60 டிகிரி என்றாலும் விசையில் பாதி கணக்கில் ஏறிவிடுமாம். கல்யாணமான நாளிலிருந்து அவள் சொல்லிவருவது அன்றைக்குச் சூத்திரத்தோடு நிரூபணமானது.

மலை ஏறியதையாவது சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். சேலத்தைவிட ஏற்காடு சுமார் 1,200 மீட்டர் உயரம். என் 80 கிலோவை அங்கே ஏற்ற 9.4 லட்சம் ஜூல் ஆகும். லட்சம் என்றதும் எழுந்து உட்கார்ந்தேன். “225 கிலோ கலோரி. மத்தியானம் சாப்பிட்ட பரோட்டாவுக்கே காணாது. அதுவும் கார்தான் ஏத்துச்சு.”

ஏற்காடு மலைச்சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளின் சூட்சுமமும் கோணம்தான். செங்குத்தாக ஏறினால் எடை இழுக்கும் திசைக்கும் ஏறும் திசைக்கும் 180 டிகிரி. சாலையை மடித்து மடித்துப் போட்டதில் அது 93, 94 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. விசை குறையும், தூரம் நீளும். புவியீர்ப்பை எதிர்த்துச் செய்யும் மொத்த வேலையில் ஒரு ஜூல் தள்ளுபடி கிடையாது. தவணையில் கட்டும் கடன் மாதிரிதான், வட்டி உராய்வுக்கு. 1820-களில் இந்தச் சேவராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர் என்று சேலம் கலெக்டர் காக்பர்ன் பெயரைச் சொல்கிறார்கள். ஜூல் கணக்குப் பார்த்தால் அந்தப் பெருமை நாற்றுச் சுமந்து ஏறியவர்களுக்குத்தான் போக வேண்டும்.

விசை ஒரு பக்கம், போக்கு எதிர்ப்பக்கம் என்றால் எதிர்மறை வேலை. இறக்கத்தில் பிரேக் செய்வது அதைத்தான். மிளகு, காப்பித்தூள், யூகலிப்டஸ் தைலம் என்று கடை கடையாக நான் செய்ததும் அதேதான். பின்னுக்கு இழுத்தேன், குடும்பம் முன்னுக்குப் போனது, சூடானது நான்.

கடைசியில் ஒண்டிக்கடை பக்கம் ஒரு பலாப்பழம் வாங்கி என் இடது தோளில் வைத்தார்கள். மனைவி இன்னொன்றைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கார் வரைக்கும் சமதளம்தானே? பூஜ்யம்தானே? வலது தோள் சும்மாதானே இருக்கு?”

“தோளுக்குத் தூக்கறது மட்டும் வேலைம்மா,” என்றாள் மகள், முதன்முறையாக என் கட்சியில்.

“அதை நான் தூக்கி வைக்கிறேன்.”