மடக்குக் கத்திப் பூட்டியல்: வெள்ளகோவில் வட்டாரத்தை முன்வைத்து

மடக்குக் கத்தியைப் பற்றி எழுத வந்தவர்கள் எல்லாம் அலகின் கூரிலேயே சொக்கிப்போனவர்கள். கூர் மழுங்கினால் சாணை பிடித்துக்கொள்ளலாம். பூட்டு நழுவினால் விரலுக்குச் சாணை கிடையாது. ஆகவே இவ்வாய்வு பூட்டை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. களம், வெள்ளகோவிலின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. முருங்கைக்காயையே செடி, மரம், கரும்பு என்று மூன்றாகப் பிரித்து விலை சொல்லும் ஊரில் கத்தியை யாரும் வகைப்படுத்தாமல் விட்டது ஆய்வுலகின் அசட்டை.

முதலில் வரலாறு. ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டில், எலும்புப் பிடிக்குள் மடங்கும் இரும்புக் கத்தி கிடைத்திருக்கிறது. வயது 2,500 ஆண்டுக்குக் குறையாது. நமக்கும் பக்கத்திலேயே, நொய்யல் கரைக் கொடுமணலில், 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகள் வெளிப்பட்டன. உலை வரை போனவர்களுக்கு மடக்கும் யோசனை வராமற்போனது ஏன்? சட்டைப்பை இல்லாததே காரணம் என்பது என் துணிபு. ஹால்ஸ்டாட்காரனுக்கு மட்டும் சட்டைப்பை இருந்ததா என்று கேட்பவர்களுக்கு அடுத்த கட்டுரையில் விடை உண்டு.

சந்தைத் தார்ப்பாயில் டார்ச்லைட், ஊக்கு, சாவிக்கொத்து நடுவே கிடப்பவற்றில் முதல்வகை, பூட்டே இல்லாதது. பேனாக்கத்தியும் நகவெட்டியோடு வரும் குட்டிக் கத்தியும் இவ்வகை. முதுகிலுள்ள பட்டைவில் அலகைப் பிடித்திருக்கும். எதிர்த்து அழுத்தினால் விட்டுவிடும். ஜப்பானின் ஹிகோனோகாமியில் அந்த வில்லும் இல்லை. அலகின் வாலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். அங்கே வாங்கியவனேதான் பூட்டு.

அடுத்தது முதுகுப்பூட்டு. 1960களில் அமெரிக்காவின் பக் 110 பிரபலமாக்கியது. முதுகுத்தண்டின் கொக்கி அலகின் அடியிலுள்ள பள்ளத்தில் விழுந்து நிற்கும். உறுதியானதுதான். ஆனால் ஸ்பின்னிங் மில்லிலும் தறிக்குடோனிலும் வேலை பார்ப்பவரின் சட்டைப்பையில் காசு இல்லாவிட்டாலும் பஞ்சு இருக்கும். பள்ளத்தில் பஞ்சு அடைந்தால் கொக்கி முழுதாக இறங்காது; பூட்டியதுபோல் பாவனை மட்டும் செய்யும். அயல்நாட்டு நூல்கள் இந்த வட்டாரத்தின் பஞ்சைக் கணக்கில் எடுக்கவில்லை.

மலிவுக் கத்திகளில் மலிந்து கிடப்பது தகட்டுப்பூட்டு. 1980களில் மைக்கேல் வாக்கர் இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தது. பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு பக்கவாட்டில் துள்ளி, அலகின் அடியில் முட்டுக்கொடுக்கும். வாக்கர் செய்தால் அது முட்டு. நூற்றைம்பது ரூபாய்க்கு வரும்போது தகடு அலகின் ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. முதுகில் லேசாகத் தட்டினால் சறுக்குகிறது. மடக்கவேண்டுமென்றால் கட்டைவிரலை உள்ளே விட்டுத் தகட்டை ஒதுக்க வேண்டும். அலகு வந்து விழும் வழியும் அதுவே. திண்டுக்கல்லில் ஒருவர் இப்படிப் பூட்டுச் செய்திருந்தால் பட்டறையை விட்டே அனுப்பியிருப்பார்கள்.

பிரெஞ்சுக்கார ஒப்பினெல் 1955இல் வைத்த வளையப்பூட்டுதான் என் தேர்வு. வளையத்தைத் திருப்பினால் அலகு நகராது. விரலுக்கும் அலகின் வழிக்கும் சம்பந்தமில்லை. மரப்பிடி ஈரத்தில் ஊதி அலகு இறுகிக்கொள்ளும் என்பது அதன்மேல் சொல்லப்படும் ஒரே பெரிய குறை. வெள்ளகோவில் மழையை அறிந்தவர்கள் அதைக் குறையாக எண்ணமாட்டார்கள். ஆனால் தார்ப்பாயில் அது இல்லை.

கடைக்காரரிடம் பூட்டின் உறுதி பற்றி விசாரித்தேன். “பூட்டு எதுக்குங்ணா? கத்தி எங்கீங் ஓடிப்போயிரும்?” என்றார். நூல்முனையைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டுப் போகிற தறிக்காரர்களைப் பார்க்கையில் இக்கேள்வியை எளிதில் ஒதுக்க முடியவில்லை.

மாலையில் கடை கட்டும்போது, மூட்டைக் கயிற்றை அறுக்க அவர் தம் சரக்கில் ஒன்றையும் தொடவில்லை. உடைந்த ஆக்ஸா பிளேடைத் தீட்டி, ஒருமுனையில் பனியன் துணி சுற்றி வைத்திருந்தார். மடங்காதது, பூட்டற்றது. விலை கேட்டேன். அது விக்கிறதுக்கில்லீங் என்றார்.