கொளுத்திப் போடுங்க அண்ணாச்சி!

கே: தெற்கு சூடான் எங்கே இருக்கிறது அண்ணாச்சி? (சாத்தூர் வாசகர்)

ப: சூடானுக்குத் தெற்கே. கோவிச்சுக்காதீங்க! 2011 ஜூலை 9 அன்று பிறந்த நாடு. பிரியலாமா என்று ஜனவரியில் கேட்டபோது நூற்றுக்கு 98 பேருக்கு மேல் ‘பிரியலாம்’ என்றார்கள். ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம்!

கே: பிரிந்த பிறகும் என்ன எல்லைச் சண்டை? (திருத்தங்கல் வாசகர்)

ப: பாகம் பிரிச்ச அண்ணன் தம்பியைக் கேளுங்க. எண்ணெயில் முக்கால்வாசி தெற்கே; குழாயும் துறைமுகமும் வடக்கே. குழாய்க் கூலித் தகராறில் 2012 ஜனவரியில் தெற்கு கிணற்றையே மூடிவிட்டது. ஏப்ரலில் வடக்கின் கையிலிருந்த ஹெக்லிக் எண்ணெய் வயலைப் பிடித்து, பத்து நாளில் விட்டுட்டு வந்தது. அந்த வயல் கம்பெனியில் அப்போ நம்ம ஓ.என்.ஜி.சி. விதேஷுக்கும் 25 சதவீதம் இருந்தது. ஊரான் வீட்டுச் சண்டையில் நமக்கும் கால் பங்கு!

கே: எந்தக் கோடுதான் எல்லை? (விருதுநகர் வாசகர்)

ப: சூடான் விடுதலை பெற்ற 1956 ஜனவரி 1 அன்று இருந்த கோடு. அதே வருஷம் நவம்பர் 1-ல் நமக்கும் கோடு போட்டாங்க. கன்னியாகுமரி வந்தது; தேவிகுளம், பீர்மேடு போனது. ‘குளமாவது மேடாவது’ என்று சொன்னதாக உங்க ஊர்க்காரர் காமராஜருக்கு இன்னும் மேடைதோறும் திட்டு. கன்னியாகுமரியும் சும்மா வரவில்லை. 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஆனால் நாம் அதோடு நிறுத்திக்கொண்டோம்.

கே: இரண்டு சூடானுக்கும் நடுவே எல்லையில் இடைவெளி விட்டிருக்கிறார்களாமே? (வெம்பக்கோட்டை பட்டாசுத் தொழிலாளி)

ப: கோட்டுக்கு அந்தப் பக்கம் 10 கிலோமீட்டர், இந்தப் பக்கம் 10, படை நிற்கக் கூடாது. உங்களுக்குத் தெரியாததா? மருந்து அறைக்கும் அறைக்கும் இடைவெளி, ஒரு அறைக்கு நாலு பேர், காலடியில் ரப்பர் விரிப்பு. விதி தங்கம்தான். அஞ்சாவது ஆளை உள்ளே உட்கார வைக்கிறது யார்?

கே: தெற்கு சூடானில் உள்நாட்டுப் போர் எதற்கு? (சிவகாசி அச்சகத் தொழிலாளி)

ப: வெளியே எதிரி ஓய்ந்தால் வீட்டுக்குள்ளே தேடுவாங்க. அதிபர் சல்வா கீர், துணை அதிபர் ரியக் மச்சாரை 2013 ஜூலையில் பதவி நீக்கினார், டிசம்பரில் போர். டிங்கா, நுவெர் என்று இனச் சண்டையாகிவிட்டது. 2015-ல் ஒப்பந்தம் போட்டுத் திரியைக் கிள்ளினார்கள். 2016 ஜூலையில் தலைநகர் ஜூபாவில் மறுபடி பற்றிக்கொண்டது. 2018-ல் இன்னொரு ஒப்பந்தம். 2019-ல் போப் பிரான்சிஸ் இரண்டு பேர் காலையும் முத்தமிட்டுக் கெஞ்சினார். நம்ம ஊரில் காலில் விழுந்தால் சீட்டாவது கிடைக்கும்!

கே: நம்மாட்கள் யாராவது அங்கே? (ஸ்ரீவில்லிபுத்தூர் வாசகி)

ப: 1953-ல் சூடானின் முதல் பொதுத்தேர்தலை நடத்திக் கொடுத்தவர் நம்ம தேர்தல் ஆணையர் சுகுமார் சென். 2013 ஏப்ரலில் ஐ.நா. அமைதிப்படையில் இருந்த இந்திய வீரர்கள் 5 பேரைத் தெற்கு சூடானின் ஜோங்லேயில் சுட்டுக் கொன்றார்கள். இதற்கு நையாண்டி கிடையாது தாயி.

கே: சல்வா கீர் எப்பவும் கறுப்புத் தொப்பியோடு இருக்காரே? (அருப்புக்கோட்டை வாசகர்)

ப: 2006-ல் அமெரிக்க அதிபர் புஷ் கொடுத்தது. சுதந்திர நாட்டின் முதல் தேர்தலை 2026 டிசம்பர் வரை தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். வாங்கியது தொப்பி, போட்டது குல்லா!