இரண்டே வெற்றி, ஒரு கோப்பை

1871–72இல் நடந்த முதல் எஃப்.ஏ. கோப்பை கால்பந்துப் போட்டியை வெல்ல வாண்டரர்ஸ் அணி எத்தனை ஆட்டங்களில் ஜெயித்தது?

இரண்டே இரண்டு! முதல் சுற்றில் எதிரணியான ஹாரோ செக்கர்ஸ் ஆட வரவேயில்லை. அடுத்து கிளாப்ஹம் ரோவர்ஸை வென்றது. காலிறுதியில் கிறிஸ்டல் பேலஸுடன் டிரா. அன்றைய விதிப்படி இரு அணிகளுமே அரையிறுதிக்குப் போயின.

அரையிறுதியிலாவது ஜெயித்ததா?

அதுவும் டிராதான். கிளாஸ்கோவிலிருந்து வந்த குவீன்ஸ் பார்க் அணிக்கு மறு ஆட்டம் ஆடக் கையில் காசில்லை, விலகிக்கொண்டது. அந்த அணியைத் தோற்கடித்தது பயணச் செலவு.

இறுதி ஆட்டம்?

1872 மார்ச் 16, லண்டன் கென்னிங்டன் ஓவல் மைதானம். எதிரணியான ராயல் என்ஜினியர்ஸின் வீரர் கிரெஸ்வெல்லுக்குத் தொடக்கத்திலேயே காறை எலும்பு முறிந்தது. மாற்று ஆட்டக்காரர் ஏற்பாடு அப்போது கிடையாது. வலியோடு கடைசிவரை களத்தில் நின்றார். வெற்றிக்குச் சற்றும் குறையாத வீரம் அது.

வாண்டரர்ஸின் வெற்றி கோலைப் போட்டது யார்?

ஆட்டக்காரர் பட்டியலில் 'ஏ.எச். செக்கர்'. உண்மைப் பெயர் மோர்ட்டன் பெட்ஸ். முதல் சுற்றுக்கு வராத ஹாரோ செக்கர்ஸ் அணிக்காரர். அணி வரவில்லை, ஆள் வந்து கோப்பையையே வாங்கிக் கொடுத்துவிட்டார்!