கேபிளைப் பிடுங்காதீர்கள்!

கேள்வி: சர்வர் எந்த ஸ்விட்ச் போர்ட்டில் மாட்டியிருக்கிறது என்று தெரியவில்லை. ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிப் பார்க்கலாமா?

பதில்: கூடவே கூடாது. யாருடைய கேபிள் என்று தெரிந்தால்தான் பிடுங்கலாம். அது தெரிந்துவிட்டால் பிடுங்கும் வேலையே இல்லை!

கேள்வி: பிறகு யாரைக் கேட்பது?

பதில்: ஸ்விட்சையே. ஒவ்வொரு போர்ட்டிலும் உள்ளே வரும் பாக்கெட்டில் அனுப்பியவரின் மேக் முகவரியைப் பார்த்து, ஒரு பட்டியலில் குறித்துக்கொண்டே இருப்பது அதன் வேலை. சிஸ்கோவில் ‘ஷோ மேக் அட்ரஸ் டேபிள்’ என்றால் பட்டியல் வந்துவிடும். சர்வர் வாய் திறக்காமல் இருந்தால் அந்த வரி அழிந்துபோகும். பல ஸ்விட்சுகளில் அதற்கான கெடு 300 விநாடி. ஆகவே முதலில் சர்வரை ஒரு முறை பிங் செய்துவிட்டுத் தேடுங்கள்.

கேள்வி: தேடினேன். ஒரே போர்ட்டில் ஏகப்பட்ட மேக் முகவரிகள்!

பதில்: பெரும்பாலும் அது அடுத்த ஸ்விட்சுக்குப் போகும் அப்லிங்க். அந்த ஸ்விட்சில் நுழைந்து அதே கேள்வியைக் கேளுங்கள். விர்ச்சுவல் மெஷின்கள் ஓடும் சர்வர் என்றாலும் இப்படிக் கூட்டமாகத்தான் தெரியும்.

கேள்வி: ஸ்விட்ச் பாஸ்வேர்டு நெட்வொர்க் குழுவிடம் இருக்கிறது. எனக்குத் தர மாட்டார்கள்.

பதில்: தர வேண்டியதும் இல்லை. எல்.எல்.டி.பி. இயக்கப்பட்ட ஸ்விட்ச், தன் பெயரையும் போர்ட்டையும் வழக்கமாக 30 விநாடிக்கு ஒருமுறை தானாகவே அறிவித்துக்கொண்டிருக்கும். 2005-இல் ஐ.இ.இ.இ. 802.1ஏபி என்று தரப்படுத்தப்பட்ட ஏற்பாடு இது. எந்த நிறுவனத்தின் ஸ்விட்சுக்கும் பொது. சிஸ்கோவுக்கென்று சி.டி.பி. தனியாக உண்டு, அது 60 விநாடிக்கு ஒருமுறை. லினக்ஸ் சர்வரில் எல்.எல்.டி.பி.டி. நிறுவி, ‘எல்.எல்.டி.பி.சி.எல்.ஐ. ஷோ நெய்பர்ஸ்’ என்று கேளுங்கள். ஸ்விட்ச் பெயர், போர்ட் எண் இரண்டும் வந்து நிற்கும். இன்டெல் எக்ஸ்710 கார்டு என்றால் கவனம்: கார்டின் ஃபர்ம்வேரே அந்த அறிவிப்பை விழுங்கிவிடக்கூடும். ‘ஈத்டூல்’ மூலம் அதை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

கேள்வி: இரண்டு கேபிள் போட்டு பாண்டிங் செய்திருக்கிறோம். பட்டியலில் ஒரு போர்ட்தான் தெரிகிறது. இன்னொன்று பழுதா?

பதில்: ஆக்டிவ்-பேக்கப் முறை என்றால் பழுதில்லை. காத்திருக்கும் கேபிளில் சர்வர் எதையும் அனுப்புவதில்லை, அதனால் ஸ்விட்சுக்கு அது தெரியாது. எல்.எல்.டி.பி. அறிவிப்போ இரண்டு கேபிளிலும் வரும். நான் எல்.எல்.டி.பி.-யை எப்போதும் போட்டுவைக்கச் சொல்வது இதற்காகவேதான்.

கேள்வி: கார்டில் நான்கு சாக்கெட். எது எத்0?

பதில்: ‘ஈத்டூல் மைனஸ் பி எத்0’. அந்த சாக்கெட்டின் விளக்கு கண் சிமிட்டும்.

கேள்வி: லேபிள் ஒட்டினால் போதாதா?

பதில்: கேபிளின் இரு முனையிலும் ஒட்டுங்கள். ஸ்விட்ச் போர்ட்டின் டிஸ்கிரிப்ஷனிலும் சர்வர் பெயரை எழுதுங்கள். இரண்டும் முரண்பட்டால் எல்.எல்.டி.பி. சொல்வதை நம்புங்கள்.