ரெட்டை ஐ.டி. கார்டுக்காரன்

காலை எட்டரை மணிக்குப் பழைய மகாபலிபுரம் சாலையில் ஓடும் எந்த பஸ்ஸிலும் இவன் இருப்பான். கழுத்தில் நீல நாடா, சட்டைப்பைக்குள் சுருட்டிய சிவப்பு நாடா. கல்லூரி வாசலில் செக்யூரிட்டியைக் கண்டதும் சிவப்பு வெளியே வரும், நீலம் உள்ளே போகும். சோழிங்கநல்லூர் நெருங்கினால் மறுபடி இடமாற்றம். பொறியியல் கடைசி வருடம், ஏழாம் செமஸ்டர். மாணவனா, ஊழியனா என்று கேட்டால், கேட்பவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வான்.

முறைப்படி இந்த அவஸ்தையே தேவையில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன், எட்டாம் செமஸ்டரில் 'ப்ராஜெக்ட் வொர்க்/இன்டர்ன்ஷிப்' என்று 10 கிரெடிட்டை ஒதுக்கி, போய்வா மகனே என்கிறது. ஆனால் கம்பெனிக்கு ஜனவரி வரை பொறுமை கிடையாது. ஆகஸ்டிலேயே வரச் சொல்கிறது. ஆகஸ்டில் தியரி பேப்பர்கள் இருக்கின்றன. அவற்றின் பின்னால் 75 சதவீத வருகைப் பதிவு என்கிற பூதமும் நிற்கிறது.

மேத்ஸில் இரண்டு முறை அரியர் வைத்து மூன்றாம் முறை கரையேறியவன் இவன். வருகைப் பதிவுக் கணக்கில் மட்டும் ராமானுஜன். செமஸ்டர் முழுவதையும் சேர்த்துத்தான் சதவீதம் பார்ப்பார்கள் என்பதால், தியரி வகுப்புக்கு வருவது வீண் செலவு, லேபுக்கு வந்தால் நாலு பீரியட் ஒரே அடியாக ஏறும் என்று கண்டுபிடித்திருக்கிறான். "இன்னிக்கு மத்தியானம் வந்துட்டு அடுத்த வியாழன் வரைக்கும் வரலைன்னா 75.4, மச்சான்" என்பான். தசமப் புள்ளிக்குப் பின்னால் ஒரு இலக்கம் போதாதென்று சில வாரங்களில் இரண்டு.

மிச்சத்துக்கு ஓ.டி. எனும் 'ஆன் டியூட்டி' இருக்கிறது. ஓ.டி. லெட்டரோடு எச்.ஓ.டி. அறை வாசலில் நிற்பதே தனி சப்ஜெக்ட். அதற்குக் கிரெடிட் இல்லாதது அநியாயம்.

"மறுபடியுமா? எத்தனை நாள்டா?"

"வாரத்துல நாலு நாள்தான் சார்."

"அப்ப காலேஜுக்கு?"

"ஒரு நாள் வந்துடுவேன் சார்."

"ரொம்ப உபகாரம்."

கையெழுத்து விழும். அவருக்கும் 'இன்டர்ன்ஷிப் சென்ற மாணவர்கள்' என்ற பட்டியலுக்கு ஆள் வேண்டும். அதனால்தான் கைடு இவனிடம் என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்பதில்லை. "கம்பெனி போர்டு முன்னாடி நின்னு ஜியோ டேக் போட்டோ ஒண்ணு அனுப்புப்பா, நாக் இன்ஸ்பெக்‌ஷன் ஃபைலுக்கு வேணும்" என்பார். அட்சரேகை, தீர்க்கரேகையோடு இவன் சிரித்துக்கொண்டு நிற்கும் அந்தப் படம்தான் கல்லூரியைப் பொறுத்தவரை முழு இன்டர்ன்ஷிப்.

வாரத்துக்கு 32 மணி நேரம் வேலை பார்க்கிறான். ஒரு கிரெடிட்டுக்கு 40 முதல் 45 மணி நேரம் என்பது ஏ.ஐ.சி.டி.இ. சொல்லும் கணக்கு. அப்படிப் பார்த்தால் மாதம் மூன்று கிரெடிட்டாவது தேற வேண்டும். "கோடை லீவு இன்டர்ன்ஷிப்புக்குத்தான் 2 கிரெடிட் கொடுத்தாச்சே, இது உன் சொந்த ஆசை" என்று கல்லூரி கைவிரித்துவிட்டது. எனக்கு இவன்மீது கொஞ்சம் மரியாதை பிறந்தது இந்த இடத்தில்தான்.

எலெக்டிவ் ஒன்றை என்.பி.டி.இ.எல்.-லில் போட்டிருக்கிறான். பன்னிரண்டு வாரக் கோர்ஸில் சிறந்த எட்டு அசைன்மென்டை மட்டுமே எடுத்துக்கொள்வார்கள் என்பது பதிவு செய்யும் முன்பே தெரியும். ஆகவே நாலு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. ஐ.ஐ.டி. பேராசிரியரின் வீடியோவை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, இன்னொரு திரையில் டீம் லீடு கொடுத்த பக்கைத் தேடுவான். பேராசிரியர் படபடவென்று பேசிக்கொண்டே இருப்பார்.

இத்தனைக்கும் நடுவே வாய் குழறும். கம்பெனியில் முதல் நாளே லீடு, "சார்லாம் வேணாம், பேர் சொல்லிக் கூப்பிடு, இல்ல ப்ரோன்னு சொல்லு" என்றுவிட்டார். நாக்கைப் பழக்க மூன்று வாரம் ஆனது. பழகிய மறுநாள் எச்.ஓ.டி.யிடம், "ஒரு சைன் மட்டும் ப்ரோ" என்றான். அந்த வார ஓ.டி. அதோடு போயிற்று.

ஊரில் அம்மா, "பையன் வேலைக்குப் போறான்" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். தாத்தாவுக்கு மட்டும் சந்தேகம்.

"படிக்கிறியா, வேலை பாக்குறியா?"

"ரெண்டும் தாத்தா."

"சம்பளம்?"

"ஸ்டைபண்ட் தாத்தா."

அது சம்பளமில்லை என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

நவம்பரில் லாக் புக் கேட்டார்கள். மூன்று மாத வேலைக் குறிப்பை ஒரே ராத்திரியில், நாலு பேனா மாற்றி எழுதினான். நம்பகத்தன்மைக்காக ஒரு பக்கத்தில் டீக்கறை. ரிப்போர்ட்டின் நன்றியுரையில் தாளாளர், முதல்வர், எச்.ஓ.டி., கைடு, பெற்றோர் என்று எல்லோரும் வரிசையாக உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து வேலை சொல்லிக்கொடுத்த லீடு மட்டும் 'மற்றும் நண்பர்கள்' என்பதில் அடக்கம்.

அத்தனை கணக்கும் போட்டு, கடைசியில் வருகைப் பதிவு 71-இல் வந்து நின்றது. 65-க்கு மேல் இருந்தால் மருத்துவச் சான்றிதழ் கைகொடுக்கும். உடனே பத்து நாள் டைஃபாய்டு வந்தது. அதே பத்து நாளும் ஒரு நாள் விடாமல் வேலைக்கு வந்தான் என்று கம்பெனி கொடுத்த பாராட்டுக் கடிதமும் அதே ஃபைலில்தான் இருக்கிறது, அடுத்த பக்கத்தில். இரண்டிலும் கல்லூரி சீல்.

பிப்ரவரியில் ரிசல்ட்டும், கம்பெனியில் வேலை நிரந்தரம் என்ற கடிதமும் சேர்ந்தே வந்தன. நிபந்தனை ஒன்றுதான்: அரியர் இருக்கக் கூடாது. இவனுக்கு ஒன்று இருந்தது. வெறும் 2 கிரெடிட் பேப்பர். ஹியூமன் வேல்யூஸ் அண்டு எத்திக்ஸ்.

திரும்ப எழுதும் நாளுக்கு லீவு கேட்டு லீடிடம் போனான்.

"போர்ட்டல்ல எக்ஸாம் லீவுன்னு ஒண்ணு இல்லையே ப்ரோ."

"அப்ப என்ன போடறது?"

லீடு அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "காய்ச்சல்னு போட்டுக்கோ."