கேட்காமலே செய்யும் உபகாரம்

ஃபைலை 'சேவ்' செய்தால் போதும், மிச்சத்தை எடிட்டர் பார்த்துக்கொள்ளும். பார்த்துக்கொள்ளவும் செய்கிறது. வரிக் கடைசியில் ஸ்பேஸ் தொங்கினால் அதற்குப் பொறுக்காது, வழித்துப் போட்டுவிடும். மார்க்டவுனில் கடைசி இரண்டு ஸ்பேஸுக்கு 'வரியை உடை' என்று பொருள் இருப்பதெல்லாம் அதற்கு எதற்கு? வெளியீட்டை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் டெஸ்ட் சிவப்பாகும். திரையில் பார்த்தால் இரண்டு வரியும் அச்சு அசலாக ஒன்றுதான்.

பைத்தானில் இன்னும் விசேஷம். பைடெஸ்டுக்காக வேறொரு ஃபைலிலிருந்து ஃபிக்ஸ்சரை இம்போர்ட் செய்திருப்போம். டெஸ்ட் அதை ஆர்கியுமென்ட் பெயராக மட்டுமே கேட்கும். உடனே லின்டர், "இதை யாரும் பயன்படுத்தவில்லையே" என்று தீர்ப்பெழுதித் தூக்கிவிடும். பழைய பேப்பரோடு வீட்டுப் பத்திரத்தையும் கடைக்குப் போட்ட புது மருமகளின் சுறுசுறுப்பு! மறுகணமே, ஃபிக்ஸ்சரைக் காணோம் என்று பைடெஸ்டின் ஒப்பாரி.

கிட் மட்டும் சளைத்ததா? விண்டோஸில் ஆட்டோசிஆர்எல்எஃப் ஆனில் இருந்தால், செக்அவுட்டின்போதே ஒவ்வொரு வரியின் வாலிலும் ஒரு கேரேஜ் ரிட்டர்னை ஒட்டித் தரும். டெலிபிரிண்டர் காலத்து மிச்சம் அது. அந்த ஷெல் ஸ்கிரிப்டை லினக்ஸ் கன்டெய்னரில் ஓட்டினால், பேஷ் என்ற ஒன்றே இல்லை என்று சாதிக்கும். கிட்ஆட்ரிப்யூட்ஸ் ஃபைலில் ஒரு வரி எழுதினால் தீரும். ஆனால் ஏற்கெனவே அந்த வால்கள் ரெப்போவுக்குள் ஏறியிருந்தால், சரிசெய்யும் கமிட்டில் ஊர்ப்பட்ட ஃபைல்கள் மாறும். அப்புறம் எந்தப் பழைய பக்கைத் தோண்டினாலும் 'கிட் பிளேம்' திருத்தியவர் பெயரைத்தான் காட்டும்.